'முன்விரோதம்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பேப்பரில் தீவிரவாதம் எப்படி உருவாகிறது, எப்படித் தடுப்பது என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். சிரியா வந்தது, ஆப்கானிஸ்தான் வந்தது, 2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்த கதையும் வந்தது. படித்து முடித்துப் பக்கத்தைத் திருப்பினால் மாவட்டச் செய்திகளில், கடைசிப் பத்தியில், நாலே நாலு வரி: பள்ளி மாணவனுக்கு அரிவாள் வெட்டு, முன்விரோதம் காரணமா எனப் போலீசார் விசாரணை. அந்தக் கட்டுரையையும், சாதிக்காக நடக்கிற வெட்டைப் பற்றின இந்த நாலு வரியையும் யாரும் சேர்த்துப் படிப்பதில்லையே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டாமல் போட்டால் சந்தோஷம்.

நான் திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பேருந்தில் முப்பது வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். 1990ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். 1997ல் கட்டபொம்மனின் தளபதி, தலித் வீரர் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் ஒரு புதுக் கழகம் தொடங்கினார்கள், அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது, கல்வீச்சு, சாவு, ஊரடங்கு என்று போய், கடைசியில் அரசாங்கம் எல்லாக் கழகத்திலிருந்தும் மாவட்டத்திலிருந்தும் தலைவர்கள் பெயரையே தூக்கிவிட்டது. பாண்டியன் போனார், நேசமணி போனார், எங்கள் கட்டபொம்மனும் போனார். டிப்போவில் பெயிண்டர் அந்த எழுத்து மேல் பச்சையை இழுக்கும்போது நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். விட்டது சனியன், இனி நிம்மதி என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸின் வெளிப்பக்கம் இருந்த பெயர்தான் அழிந்தது. உள்ளே கடைசி சீட்டில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதை எந்தப் பெயிண்டரும் அழிக்கவில்லை.

நடத்துநர் வேலையில் ஒரு வசதி உண்டு. ஒரு பையனை ஆறாம் வகுப்பில் பஸ் பாஸோடு ஏறும்போது பார்ப்போம், பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை தினம் இரண்டு வேளை பார்ப்போம். வாத்தியார் கூட ஒரு வருடம்தான் பார்க்கிறார். அப்பா அம்மா பார்ப்பது தூங்கும்போது. அப்படிப் பார்த்ததில் சொல்கிறேன்.

ஒரு பையன். ஊர் வேண்டாம். சுமாராகப் படிப்பான், கூச்ச சுபாவம், டிரைவர் பக்கத்தில் இஞ்சின் மேல் உட்கார்ந்து வருவான். எட்டாம் வகுப்புக்கு ஜூன் மாதம் வரும்போது கை வெறும் கை. ஆடி கழிந்து பார்த்தால் மணிக்கட்டில் இரண்டு நிறம் சேர்த்து முறுக்கின கயிறு. (எந்த நிறம் எந்தச் சாதியுடையது என்று எழுதமாட்டேன், தெரியாத பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டாம்.) "யாருல கட்டிவிட்டது?" என்றேன். "அண்ணன் கட்டிவிட்டாவ, அண்ணாச்சி" என்றான். அவனுக்குக் கூடப் பிறந்த அண்ணனே கிடையாது என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் இஞ்சின் மேலிருந்து எழுந்து படிக்கட்டுக்குப் போனான். அதற்கடுத்த மாதம் கடைசி சீட்டு. தீபாவளிக்கு முன்னால் அந்த ஸ்டாப்பில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள், யாருக்கோ காதணி விழா. மேலே பெரிய தலைவர், அதற்குக் கீழே நடுத்தரத் தலைவர்கள், அடியில் தபால் தலை அளவில் ஒரு அறுபது முகம். அதில் இவன் முகமும் இருந்தது. பஸ் நிற்கும்போதெல்லாம் அவன் ஜன்னல் வழியாக அதையே பார்ப்பான். வகுப்பில் ரேங்க் வாங்கினால்தான் போர்டில் பெயர் எழுதுவார்கள், விளையாட்டில் ஜெயித்தால்தான் மேடையில் கூப்பிடுவார்கள். எதுவுமே செய்யாமல் ஒருவன் படத்தைப் போட்டு ரோட்டில் வைப்பது அந்த அண்ணன் ஒருவர்தான்.

அந்த அண்ணனையும் எனக்குத் தெரியும். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். பைக்கில் ஸ்டாப்புக்கு எதிரே நிற்பார். பையன்களுக்கு ரீசார்ஜ் போட்டுவிடுவார், புரோட்டா வாங்கித் தருவார், ஒருவன் வீட்டில் சண்டை என்றால் இவர் போய்ப் பேசுவார். அவருக்கு மேலே ஒரு அண்ணன், அவர் நிலம் வாங்கி விற்கிறவர். தேர்தலுக்கு, குருபூஜைக்கு, இடத்தகராறுக்கு ஆள் காட்ட வேண்டும், முப்பது பைக் முன்னால் போக வேண்டும். அதற்கு மேலேயும் ஆள் இருப்பார்கள், அது என் ரூட் இல்லை. நான் பார்த்த வரையில் அரிவாளைப் பிடித்தவன் பதினேழு வயசு, வழக்குக்கு வக்கீல் வைத்தவன் முப்பது வயசு, லாபம் பார்த்தவன் ஐம்பது வயசு. பேப்பரில் வருவது முதல் ஆள் மட்டும்தான், அதுவும் சிறார் என்பதால் பெயர் இல்லாமல்.

அந்தப் பையனின் அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன், இவன் போக்கு சரியில்லை என்று. "முன்னாடி யாருகிட்டயும் பேசமாட்டான் அண்ணாச்சி, இப்பதான் நாலு பேரு கூட பழகுதான், அதையும் கெடுக்காதீய" என்றார். அந்த அம்மா சொன்னதில் தப்பே கிடையாது. வெறுப்பு யாரையும் வெறுப்பு என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலில் நட்பாகத்தான் வரும், அப்புறம் மரியாதையாக வரும், எதிரி யார் என்று சொல்லிக்கொடுப்பது மூன்றாவதாகத்தான். அதற்குள் பையன் திரும்பி வர முடியாத தூரம் போயிருப்பான், ஏனென்றால் அவனுடைய நண்பர்கள் மொத்தமும் அங்கேதான்.

வறுமைதான் காரணம் என்று உங்கள் கட்டுரையில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முழுசாக ஒப்புதல் இல்லை. ஈஸ்டர் அன்று கொழும்பில் குண்டைக் கட்டிக்கொண்டு போனவர்களில் இரண்டு பேர் அண்ணன் தம்பிகள், பெரிய மசாலாப் பொருள் ஏற்றுமதிக்காரரின் பிள்ளைகள். கார், பங்களா எதிலும் குறை இல்லை. எங்கள் கடைசி சீட்டுப் பையன்களும் ஊரிலேயே ஏழைகள் இல்லை. ஊரிலேயே ஏழை வீட்டுப் பையன் சனி ஞாயிறு செங்கல் சூளைக்கோ வாழைத்தார் சுமக்கவோ போய்விடுவான், ஃபிளெக்ஸ் பார்க்க அவனுக்கு நேரம் ஏது.

வறுமையை விட இங்கே வேலை செய்வது வேறு ஒன்று. நேற்று வரை வழி விட்டு ஒதுங்கினவன் இன்றைக்கு எதிரே நேராக நடந்து வருகிறான் என்ற எரிச்சல். 1995 ஆகஸ்ட் கடைசியில் கொடியங்குளத்தில் நடந்ததை இளம் வாசகர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கொஞ்சம் நிமிர்ந்த தலித் ஊர் அது. நூற்றுக்கணக்கில் போலீஸ் புகுந்து டிவி, மின்விசிறி, பாத்திரம், தானியம் என்று பார்த்துப் பார்த்து உடைத்தார்கள், குடிக்கிற கிணற்றையும் கெடுத்துவிட்டுப் போனார்கள். எது கண்ணை உறுத்தியது என்பது உடைந்த சாமானைப் பார்த்தாலே தெரியும். தாத்தாவுக்கு நிலம் இருந்தது, அப்பா அதை விற்றார், பேரனுக்கு மிச்சம் இருப்பது அந்தப் பழைய மிதப்பு மட்டும்தான். பக்கத்துத் தெருப் பையன் நன்றாகப் படிக்கிறான், டீச்சர் அவனை லீடராக்குகிறார். இந்த இடத்தில்தான் அண்ணன் வந்து 'நாம யாரு தெரியுமா' என்று ஆரம்பிக்கிறார்.

2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. அதைத் தமிழ்நாடே பார்த்தது. பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன், நன்றாகப் படிக்கிறவன், கூடப் படித்த பையன்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள், சொன்னான். அதன்பிறகு ராத்திரி வீடு தேடி வந்து அவனை வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அதற்கடுத்து 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் இன்னொரு பையன், பதினொன்றாம் வகுப்பு. பரீட்சை எழுத பஸ்ஸில் போனவனை பஸ்ஸை மறித்து இறக்கி விரலை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் இவன் அணி ஜெயித்துவிட்டதாம். அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸுக்குள் ஏறிவிட்டால் பிள்ளை பத்திரம் என்பதுதான் எங்கள் வேலையின் அடிப்படையே.

இதில் எங்கே முன்விரோதம் இருக்கிறது? முன்விரோதம் என்றால் வாய்க்கால் தகராறு, கொடுக்கல் வாங்கல், இவன் அவனை அடித்தான், அவன் இவனை அடித்தான். ஒருவன் ஜெயித்தான், ஒருவன் படித்தான் என்பதற்காக வெட்டுவதை இரு தரப்பு மோதல் என்று எப்படி எழுதுகிறீர்கள்? உங்கள் நிருபர்களுக்கு ஸ்டேஷனில் கொடுக்கிற குறிப்பில் அப்படித்தான் இருக்கும், தெரியும். அதை அப்படியே அச்சடிக்க வேண்டும் என்று கட்டாயமா? வெளிநாட்டில் ஒரு கூட்டம் பிறப்பைக் காரணம் காட்டி ஒருவனை வெட்டினால் தீவிரவாதம், வள்ளியூர் பக்கம் நடந்தால் முன்விரோதம். இந்தச் சொல்லை மாற்றினாலே பாதி வேலை ஆகும் என்று சொல்லமாட்டேன், ஆனால் சொல் மாறாதவரை வேலையே ஆரம்பிக்காது.

சரி, அடுத்தவர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால், சாயங்கால நடை (டிரிப்). ஜன்னல் ஓரம் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், ஒன்பதாம் வகுப்பு, மடியில் பை, பைக்கு மேலே சயின்ஸ் ரெக்கார்டு. கடைசி சீட்டிலிருந்து ஒருவன் வந்து "எந்திரி" என்றான். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இவன் என்னைப் பார்த்தான். நான் விசில் ஊதி வண்டியை நிறுத்தி அந்தத் தடியனை இறக்கியிருக்க வேண்டும். சட்டமும் என் பக்கம், டிரைவரும் என் பக்கம். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "விடுப்பா, அடுத்த ஸ்டாப்புலதான் இறங்கப் போறே, எந்திரிச்சு நில்லு." எழுந்து நின்றான். ரெக்கார்டு நோட்டு கீழே விழுந்தது, அதை எடுத்துத் துடைத்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. எந்திரி என்று சொன்னவன் எங்கள் ஆட்கள் வீட்டுப் பையன். அதனால்தான் சொன்னேனா, கலெக்ஷன் நேரத்தில் எதற்கு வம்பு என்று சொன்னேனா என்று இன்றைக்குவரை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் அந்தப் பையன் என் வண்டியில் ஏறவில்லை. நாலைந்து மாதம் கழித்து ஏறினான். கையில் கயிறு, வேறு நிறம். அவனோடு ஆறு பேர். டிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் போனபோது கண்ணுக்குக் கண் பார்த்தான். அவனுக்கும் ஒரு அண்ணன் கிடைத்துவிட்டார் என்று புரிந்தது. அந்தக் கயிற்றில் ஒரு முடிச்சு நான் போட்டது.

தடுக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், நாங்குநேரிக்குப் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது, 2024 ஜூனில் அவர் அறிக்கையும் கொடுத்துவிட்டார். பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, அந்தந்த வட்டாரத்தில் ஆதிக்கமாக இருக்கிற சாதிக்காரரையே அங்கே அதிகாரியாகப் போடக் கூடாது, கயிறு கூடாது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று நிறைய இருக்கிறது. அதில் நெற்றித் திலகம் என்று ஒரு சொல் வந்தது, டிவியில் ஒரு வாரம் அந்தத் திலகத்தைப் பிடித்துக்கொண்டே சண்டை போட்டார்கள், மிச்சத்தை யாரும் பேசவில்லை. 2019லேயே கயிறைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டு, எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்ட கதையும் உண்டு.

கயிறுக்குத் தடை போட்டால் என்ன ஆகும் என்று பஸ்ஸிலிருந்து பார்த்தவன் சொல்கிறேன். பள்ளிக்கு முந்தின ஸ்டாப் வந்ததும் எல்லாக் கையும் பைக்குள் போகும், வெளியே வரும்போது வெறும் கை. சாயங்காலம் அதே ஸ்டாப்பில் திரும்ப மாட்டிக்கொள்வார்கள். கெடுபிடி கூடினால் நிறம் பனியனுக்குப் போகும், சைக்கிள் ஹேண்டில்பாருக்குப் போகும், இப்போது செல்போன் உறைக்குப் போயிருக்கிறது. தடை வேண்டாம் என்று சொல்லவில்லை, தடை இருக்கட்டும். ஆனால் கயிறை அவிழ்ப்பது சுலபம், அதைக் கட்டிவிட்டவரின் புரோட்டாவுக்கும் ரீசார்ஜுக்கும் ஃபிளெக்ஸுக்கும் பதிலாக நாம் என்ன கொடுக்கிறோம்? ரீல்ஸில் அரிவாளோடு பாட்டுப் போட்டவனைப் போலீஸ் பிடிக்கிறது, நல்லது, ஆனால் பிடித்த செய்தியே அவனுக்கு அடுத்த ரீல்ஸ்.

எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், பெரிய ஆட்கள் சிரிக்கலாம். அந்த ரூட்டில் பள்ளி விடுவது நாலேகாலுக்கு. நாலு நாற்பதுக்கு ஒரு வண்டி, ஐந்து மணிக்கு இன்னொரு வண்டி என்று முன்னெல்லாம் இருந்தது. கலெக்ஷன் இல்லை என்று ஐந்து மணி நடையை நிறுத்திவிட்டார்கள். பாஸ் பிள்ளைகள்தானே ஏறுவார்கள், காசு எங்கிருந்து வரும். நாலு நாற்பது வண்டியில் இடம் இல்லாமல் விட்டுப்போன பையன்கள் ஆறேகால் வண்டிக்கு நிற்பார்கள். ஒன்றரை மணி நேரம், தினமும், ரோட்டோரம், பசியோடு. அந்த அண்ணனின் பைக் நிற்பது சரியாக அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். எந்தக் கொள்கையையும் விட அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அங்கே பலம் அதிகம். நான் எழுதிக் கொடுத்தேன். நஷ்டக் கணக்கைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

அதே பள்ளியில் ஒரு பி.டி. வாத்தியார் இருந்தார். அவர் மட்டும் ஆறு மணி வரை மைதானத்தைப் பூட்டமாட்டார். கபடி அணியை அவர்தான் பிரிப்பார், ஒரே தெருப் பையன்கள் ஒரே அணியில் வரவே விடமாட்டார். ஆட்டம் முடிந்ததும் தன் காசில் ஆளுக்கு ஒரு பன். அவர் இருந்த நாலு வருடம் என் ஆறேகால் வண்டியில் ஒரு சத்தம் கிடையாது, எல்லாம் வியர்வையோடு சீட்டில் சாய்ந்து தூங்கிவிடும். அவருக்கு மாற்றல் வந்தது. கேட்டுக்குப் பூட்டு நாலரைக்கே விழுந்தது.

சில ஊர்களில் பிள்ளைகளைத் தனித்தனி வண்டியில் ஏற்றிவிட்டால் சண்டை வராது என்று ஒரு யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அண்ணன்மார் கேட்பதே அதைத்தான்.

அப்புறம், வெளியே வர நினைக்கிறவனுக்கு வழி. ஜெர்மனியில் இருபது வருடத்துக்கு மேலாக 'எக்ஸிட்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, நாஜிக் கூட்டத்திலிருந்து விலக நினைப்பவர்களுக்காக. ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரியும் அந்தக் கூட்டத்திலிருந்தே விலகி வந்த ஒருவரும் சேர்ந்து 2000ல் தொடங்கினது. 2011ல் ஒரு வேலை செய்தார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் கூட்டத்தாரின் பாட்டுக் கச்சேரிக்கு ஆள் மூலமாக இலவச டி-சட்டை அனுப்பினார்கள், மேலே மண்டை ஓடும் கொடியும் போட்டது. பயல்கள் சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வீட்டில் ஒரு தடவை துவைத்ததும் படம் கரைந்து, உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர நாங்கள் உதவுகிறோம் என்ற எழுத்து வந்ததாம். நம் பையன் ஒருவனுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு, எனக்கு இது வேண்டாம் என்று தோன்றினால் அவன் யாரைக் கூப்பிடுவான்? ஸ்டேஷனைக் கூப்பிட்டால் பெயர் எழுதிக்கொள்வார்கள். வாத்தியாரிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும், நாங்குநேரிப் பையன் சொன்னதற்கு என்ன கிடைத்தது என்று அவனுக்கும் தெரியும். கூர்நோக்கு இல்லத்திலிருந்து ஒரு பையன் வெளியே வருகிற அன்று அவனுக்காக யார் வந்து நிற்கிறார்கள் என்று ஒருநாள் உங்கள் நிருபர் யாரையாவது அனுப்பிப் பாருங்கள். அப்பா வருவதற்கு முன்னாலேயே பைக் வந்து நிற்கும்.

இலங்கையில் காத்தான்குடியிலும், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குத் தலைமை தாங்கின பிரசங்கியைப் பற்றி முதலில் புகார் சொன்னது அந்த ஊர் முஸ்லிம்களே. 2017லேயே அங்கே மோதல் நடந்து அவன் தலைமறைவானான். கேட்க வேண்டியவர்கள் காதில் போட்டுக்கொள்ளாமல் இரண்டு வருடம் ஓடியது, 250 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கேயும் முதலில் தெரிவது பக்கத்தில் இருப்பவனுக்குத்தான். இங்கேயும் நடத்துநருக்குத் தெரியும், சலூன்காரருக்குத் தெரியும், ஃபிளெக்ஸ் அடிக்கிறவருக்கு அறுபது முகமும் பெயரோடு தெரியும்.

என் பெயரைப் போட வேண்டாம். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பெயரையும் ஊரையும் பார்த்து அரை நிமிடத்தில் என்ன ஆள் என்று கண்டுபிடித்து, அதற்கப்புறம் கடிதத்தைப் படிக்காமலே பதில் எழுதுவார்கள்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தின அந்த ஐந்து மணி நடையை இன்னும் திரும்ப ஓட்டவில்லை. போன வாரம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன், ஸ்டாப்பில் இருபது பையன்கள் இருப்பார்கள், எதிரே இரண்டு பைக். தடம் எண், நேரம், ஸ்டாப் பெயர் எல்லாம் தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அச்சில் வேண்டாம், உங்கள் நிருபரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
திருநெல்வேலி மாவட்டம்.